பாட்டுக்கு நடுவே அடித்த மணி

ஜூன் 4

வாலுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் நீ பட்டென்று வைத்துவிடுகிறாய், இல்லையென்றால் நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் எதிராளி பாதியில் எழுந்து போக முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு சின்ன உதவி வேண்டும். உன் அறையில் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்திருக்கிறேன். அதில் பாட்டுக் கேட்க வேண்டும். பாட்டெல்லாம் உள்ளே இருக்கிறது, வருடக்கணக்காக நீதானே சேர்த்தாய். ஆனால் எதை அழுத்தினாலும் 'இதை எதைக் கொண்டு திறப்பது?' என்று அது என்னையே கேட்கிறது. எனக்குத் தெரிந்தால் நான் ஏன் அதன் முன்னால் உட்கார்ந்து விழிக்கிறேன்? இன்டர்நெட்டும் கிடையாது. நீ போன மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. நான் கேட்டு வாங்கியதுதான், குறை சொல்லவில்லை. 'உன் சத்தமே இல்லாத வீட்டுல ஒரு நாளாவது இருக்கணும்டி' என்று அன்றைக்கு நான் கத்தியது எனக்கு மறக்கவில்லை. நீ மட்டும் என்னவாம்? மதியம் முழுக்க அலமாரிக் கதவைத் திறந்து மூடி, சினிமாவுக்குச் சத்தம் சேர்க்கும் உன் வேலைக்காக மைக்கை வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தாய். இந்தப் பக்கம் நான் இதய மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் சீட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வேளை என்று வர வேண்டிய இடத்தில் மூன்று வேளை என்று எழுதிவிட்டேன். அலுவலகத்தில் யார் கண்ணிலோ பட்டு, திருத்தினார்கள். படாமல் போயிருந்தால்?

ஆனால் நான் கேட்ட அமைதி இது இல்லை போலிருக்கிறது. ஃபிரிட்ஜ் ஒரு உதறு உதறி நின்றதும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருக்கிறது. நானும் பேனாவைப் பிடித்தபடி கூடவே காத்திருக்கிறேன். சாதாரண இருமல் மருந்துச் சீட்டு ஒன்று முடியாமல் கிடக்கிறது.

இன்னொரு விஷயம். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி உன் அறையை வாடகைக்குக் கேட்கிறாள். மாதக் கடைசியில் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன். உன் சாமான்களை என்ன செய்வது என்று எழுது.

அக்கா

ஜூன் 9

அக்கா,

உன் கடிதத்தை ஸ்டூடியோவில் வைத்துத்தான் படித்தேன். அப்போது என் காலில் ஒரு போலீஸ்காரரின் பூட்ஸ், கையில் ஒரு பாட்டியம்மாவின் தடி. திரையில் இரண்டு பேரும் சேர்ந்து மாடிப்படி ஏறுகிறார்கள், சத்தம் முழுக்க நான்தான். 'லெட்டரைப் படிச்சிட்டு அப்புறம் ஏறும்மா, அவங்க காத்திருப்பாங்க' என்றார் எடிட்டர்.

பாட்டைத் திறக்கும் ப்ளேயரை நான் எடுத்துக்கொண்டு வரவில்லை, அழித்துவிட்டு வந்தேன். சத்தமே வேண்டாம் என்றாய், சரி, இருக்கக் கூடாது என்று கிளம்பும்போது ஒரு வீம்பு. இந்தக் கவரில் பென் டிரைவ் இருக்கிறது, தடவிப் பார். அதைக் கம்ப்யூட்டரின் முன்பக்கம் கீழே உள்ள ஓட்டையில் செருகு. பின்பக்கத்து ஓட்டை தளர்ந்துவிட்டது, கழன்று விழும். உள்ளே ஒரே ஒரு ஃபைல் இருக்கும். அதை இரண்டு தடவை தட்டு. 'நிறுவலாமா?' என்று கேட்கும். ஆமாம். அப்புறம் 'அடுத்து', 'அடுத்து' என்று வரும். நல்ல பெண்ணாக அடுத்து, அடுத்து என்று போ.

கடைசியில் 'பாட்டுகள் எங்கே இருக்கின்றன?' என்று கேட்கும். இங்கேதான் கவனம். 'பாட்டு' என்று பெயர் வைத்த ஃபோல்டரை மட்டும் காட்டு. 'கம்ப்யூட்டர் முழுவதும்' என்று ஒரு வழி இருக்கும், அதைத் தொடாதே. தொட்டால் என் வேலைச் சத்தமெல்லாம் பாட்டோடு கலந்துவிடும். மேலே ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரண்டு அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் சீட்டுக்கட்டைக் குலுக்குகிற மாதிரி பாட்டுகளைக் குலுக்கிப் போடும். அடுத்து என்ன வரும் என்று உனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. உனக்கு அது பிடிக்காது. ஆனால் போட்டுப் பார்.

அறையைப் பற்றி. இங்கே என்னை நிரந்தரமாக்குகிறார்கள். மாதக் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் மூன்று வருஷம் இந்த ஊரை விட்டு நகர முடியாது. அதனால் நீ உன் விருப்பப்படி செய். அலமாரி மட்டும் பாவம், அதற்கு நல்ல குரல், எரித்துவிடாதே.

சாப்பிடுகிறாயா? எழுதும்போது தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறந்துவிடுவாயே.

வாலு

ஜூன் 14

வாலுக்கு,

நிறுவியாயிற்று. நீ சொன்னபடி அடுத்து, அடுத்து என்று போனேன். போன வேகத்தில் 'கம்ப்யூட்டர் முழுவதும்' என்பதையும் தட்டிவிட்டேன். சிரிக்காதே. ஊருக்கெல்லாம் எச்சரிக்கை எழுதுகிறவள் தனக்கு வந்த எச்சரிக்கையைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். வெகுநேரம் எதையோ தேடித் தேடி எண்ணிக்கொண்டே இருந்தது. அப்புறம் வரிசை வரிசையாகக் கொட்டிவிட்டது.

முதலில் ஒரு பழைய பாட்டு வந்தது. புல்லாங்குழல், நடுவில் ஒரு வீணை. திரையில் நிறங்கள் தண்ணீரில் மை விழுந்ததுபோல் மெல்ல விரிந்து சுருங்கின. ஜன்னல் திரைச்சீலையும் அதே மாதிரி அசைந்துகொண்டிருந்தது. வெயில் தரையில் மெதுவாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருமல் மருந்தை முடித்துவிட்டேன். 'தூக்கம் வரலாம், வாகனம் ஓட்ட வேண்டாம்' என்று எழுதியபோது எனக்கே கண் சொக்கியது.

பாட்டு முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. நான் பதறிப்போய் மாடிக்கு ஓடி, கொடியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மேலே ஒரு மேகம் கிடையாது. கீழ்வீட்டுத் தையல்காரர் அண்ணாந்து பார்த்து, 'என்னம்மா, ஈரத்தோடயே எடுத்துட்டீங்க?' என்றார். என்ன பதில் சொல்வது? கம்ப்யூட்டருக்குள் மழை பெய்கிறது என்றா?

அதற்குப் பிறகு இப்படியே போகிறது. ஒரு பாட்டு, அப்புறம் குழாய் சொட்டுகிறது. எழுந்துபோய் மூடினால் குழாய் ஏற்கெனவே மூடியிருக்கிறது. ஒரு பாட்டு, அப்புறம் பால் பொங்குகிறது. அடுப்படியில் பால் இல்லை, அடுப்பே எரியவில்லை. யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு எனக்குப் பின்னால் நடந்து போகிறார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இல்லை. சொன்னால் நம்பமாட்டாய், விழித்திருக்கும்போதே கனவு காண்கிற மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. குலுக்கும் பொத்தானை நிறுத்தலாம் என்று மவுஸைக் கையில் எடுப்பேன், மறுபடி வைத்துவிடுவேன்.

ஒன்று கேட்க வேண்டும். இந்தச் சத்தங்களுக்கெல்லாம் நேரே 'தெரியாத கலைஞர்' என்று போட்டிருக்கிறது. அதில் ஒரு பெண் வாய்க்குள்ளேயே எதையோ பாடுகிறாள். வார்த்தை இல்லை, சுருதியும் சுமார்தான். ஆனால் யாருக்காகவும் பாடாமல் தன்பாட்டுக்குப் பாடுகிறாள். அது வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். யார் அவள்? உன் ஸ்டூடியோ சிநேகிதியா?

பல் ஆஸ்பத்திரிப் பெண் வந்து அறையைப் பார்த்தாள். வெளிச்சம் பிடித்திருக்கிறதாம்.

அக்கா

ஜூன் 19

அக்கா,

எடிட்டரிடம் உன் மழைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. 'வானத்தைப் பாக்காம துணியை எடுக்க ஓடினாங்களா? இதைவிட நல்ல பேர் உனக்கு யார் குடுப்பா?' என்றார். அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் படாமல் மிதந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பெண் நீதான் அக்கா.

கோபப்படாதே, 'நான் முணுமுணுக்கிறதே இல்லை' என்று சத்தியம் செய்யாதே. நீ எழுதும்போதெல்லாம் முணுமுணுப்பாய். வாக்கியம் சரியாக வந்துவிட்டால் மேலே போவாய், வராவிட்டால் ஒரே இடத்தில் நின்று சுற்றுவாய். நான் அலமாரியைப் பதிவு செய்யும்போது பின்னால் நீ, பாத்திரத்தைப் பதிவு செய்யும்போது பின்னால் நீ. எத்தனை தடவை உன்னால் என் வேலை கெட்டிருக்கிறது தெரியுமா? ஒரு நாள் சலித்துப்போய், சரி, இதையே எடுத்துவிடுவோம் என்று உன் மேஜைக்கடியில் மைக்கை வைத்துவிட்டேன். செருப்பைத் தேய்த்து நடப்பதும் நீதான். அந்த வீட்டுச் சத்தத்தில் பாதி உன்னுடையது. நீ என்னிடம் சத்தமில்லாத வீடு கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது.

உன் முணுமுணுப்பின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. இங்கே என் அறை பேருந்து நிலையத்துக்கு மேலே. நாள் முழுக்க ஹாரன். உன்னைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால்தான் நான் எங்கே இருக்கிறேன் என்று நிதானத்துக்கு வருவேன்.

'தெரியாத கலைஞர்' என்பது மனசுக்குச் சங்கடமாக இருந்தால் மாற்றலாம். அந்த வரியின்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்து, 'விவரம்' என்று வரும், பெயர் இருக்கும் இடத்தில் வேறு பெயரை அடி. வேண்டாத சத்தத்தை எடுக்கவும் அங்கேயே வழி இருக்கிறது. 'பட்டியலிலிருந்து நீக்கவா, கம்ப்யூட்டரிலிருந்தே அழிக்கவா?' என்று கேட்கும். முதலாவதைச் சொல். இரண்டாவதைச் சொன்னால் திரும்ப வராது.

அடுத்த வாரம் ஒரு நாள் லீவு கிடைக்கும் போலிருக்கிறது. ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன்.

வாலு

ஜூன் 24

வாலுக்கு,

நான்தான் என்று தெரிந்த பிறகு அதைக் கேட்கவே வெட்கமாக இருந்தது. காதைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் ஒரு காதை மட்டும் திறந்தேன். எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் இருந்திருக்கிறதா என்று யாரோ ஒருத்தியைப் பார்த்து ஆச்சரியப்படுவதுபோல் ஆச்சரியப்பட்டேன். இப்போது முணுமுணுக்கிறேனா என்று கவனித்துப் பார்த்தேன். இல்லை. நீ போனதிலிருந்து இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்றைக்கு அதில் ஜெயித்துவிட்டேன், அதனால் சொல்லலாம். நீ பதிவு செய்ததில் நம் வீட்டு அழைப்புமணியும் இருக்கிறது. ஒரு பாட்டு முடியும், 'டிங் டாங்' என்று ஒரே ஒரு தடவை அடிக்கும், அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடும். ஸ்பீக்கர் வாசல் பக்கம் இருப்பதால் நிஜ மணிக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. கெட்டிக்காரிதான் நீ. முதல் தடவை ஓடிப்போய்த் திறந்தேன். படிக்கட்டில் வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது. கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம். அது கம்ப்யூட்டர் வேலை என்று புரிந்த பிறகும் ஒவ்வொரு தடவையும் போய்த் திறந்தேன். அதிலும் நீ லீவு என்று ஒரு வார்த்தை எழுதியதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. தலையை வாரிக்கொண்டு போய்த் திறப்பேன். வெயில்தான்.

இன்றைக்கு மதியம் மறுபடி அடித்தது. வழக்கம்போல நாற்காலியிலிருந்து எழுந்தேன். பாதி எழுந்தவள், போதும், இனி ஏமாறக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கதவைப் பார்க்கக்கூட இல்லை. பெரிய சாதனை. ஆனால் உட்கார்ந்த பிறகு ஏனோ ஒரு வரிகூட எழுத முடியவில்லை. பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

உனக்கு லீவு கிடைக்கவில்லையா?

அக்கா

ஜூன் 25

அக்கா,

நேற்று வந்தேன்.

சொல்லாமல் வந்தது என் தப்புத்தான். வாசலில் நின்றபோது உள்ளே பாட்டுக் கேட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மணியை அடித்தேன். நாற்காலி கிறீச்சிட்டது. அந்த நாற்காலியை நான் பதிவு செய்ததே இல்லை, அதனால் அது நீதான். நீ எழுந்தாய். அப்புறம் மறுபடி கிறீச்சிட்டது. நீ உட்கார்ந்துவிட்டாய். ஒரு மனுஷி எழுந்து நிற்பதும், யோசிப்பதும், வேண்டாம் என்று உட்கார்வதும் எப்படிக் கேட்கும் என்பதுதான் என் பிழைப்பே. எனக்கா தெரியாது?

நான் லீவு என்று எழுதியிருந்தேன். வந்திருப்பது யார் என்று உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

மறுபடி அடிக்கவில்லை. வேண்டாதவர் வீட்டில் இரண்டாவது தடவை மணி அடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. கதவுப் பக்கம் கொஞ்சநேரம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். என் மழையே எனக்குக் கேட்டது. பஸ்ஸில் திரும்பும்போதும் அது காதிலேயே இருந்தது.

முப்பதாம் தேதி கையெழுத்துப் போடுகிறேன். அறையை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடு. சாமான்களை அனுப்ப வேண்டாம்.

வாலு

ஜூன் 27
(கூரியரில்)

அடி வாலு,

உனக்குப் போன் மேல் போன் செய்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. நியாயம்தான், எடுத்தாலும் நான் அழுதிருப்பேன், உனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இருபத்துநான்காம் தேதி நான் எழுதிய கடிதம் இந்நேரம் உனக்கு வந்திருக்கும், இல்லையென்றால் தபால்காரரைப் பிடித்து உலுக்கு. நீ வாசலில் நின்ற அதே நாளில்தான் அதை எழுதினேன். அதைப் படி. படித்துவிட்டு இதற்கு வா.

உன்னை வேண்டாம் என்று நான் உட்காரவில்லை. உன்னை எதிர்பார்த்து எதிர்பார்த்து அலுத்துப்போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மணி ஒரே ஒரு தடவைதான் அடிக்கும். நீயும் வந்து ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறாய். இன்னொரு தடவை அடித்திருந்தால், அது பதிவு இல்லை என்று தெரிந்து, செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்திருப்பேன். உனக்கு ஏனடி இவ்வளவு ரோஷம்?

தபாலில் அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பும்போதே தையல்காரர் கேட்டார், 'தங்கச்சி வந்துட்டு உடனே போயிட்டாங்களே, பஸ்ஸுக்கு நேரமாச்சா?' என்று. அவருடைய ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாவம், என்ன ஏது என்று தெரியாமல் தண்ணீர் கொடுத்தார்.

நேற்று அந்த மணியை எடுத்தேன். நீ சொன்ன மாதிரியே 'பட்டியலிலிருந்து நீக்கவா, அழிக்கவா?' என்று கேட்டது. இந்தத் தடவை எச்சரிக்கையை முழுக்கப் படித்தேன். இருந்த ஆத்திரத்துக்கு அழித்திருப்பேன். ஆனால் அந்த மணி எனக்கு என்ன துரோகம் செய்தது? அது அடிக்கும்போதெல்லாம் கதவைத் திறக்கப் போகும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நீ வந்துவிட்டாய் என்றே இருந்தேன். அதற்காகத்தான் இத்தனை நாள் அதை எடுக்கவே இல்லை. பட்டியலிலிருந்து மட்டும் நீக்கினேன். இனி இந்த வீட்டில் மணி அடித்தால் வாசலில் யாரோ இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

பெயர்களையும் மாற்றினேன். முணுமுணுக்கிறவளுக்கு 'அக்கா' என்று அடித்தேன். மழை, குழாய், பால் எல்லாவற்றுக்கும் நேரே 'வாலு' என்று அடித்தேன். இப்போது தெரியாத கலைஞர் என்று இந்த வீட்டில் யாரும் இல்லை.

பல் ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் அறை இல்லை என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷம் என்னால் முடியாது. அலமாரியைத் திறந்து மூடு, தட்டைப் போட்டு உடை, எனக்குக் கவலையில்லை. சீட்டில் பிழை வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு, அதற்கு உன்னை வீட்டை விட்டு அனுப்பியிருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வா. இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியாது.

அக்கா

ஜூன் 30
(தபால்தலை இல்லாமல், கதவுக்கடியில்)

அக்கா,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். எடிட்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'இன்னைக்கு உன்னை நடக்க விட்டா போலீஸ்காரர் தள்ளாடுவார், கிளம்பு' என்றார். கையெழுத்துப் போடவில்லை. வீட்டிலிருந்தே சத்தம் எடுத்து அனுப்புகிறேன் என்று கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்வார்களாம். சரி என்றால் இன்டர்நெட்டை மறுபடி வாங்க வேண்டியிருக்கும். சண்டை வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

இதை நம் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சொன்ன வெயில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கீழே தையல்காரர் என்னைப் பார்த்துவிட்டு, எனக்காக மெஷினை நிறுத்திவைத்திருக்கிறார்.

மணி அடிக்கக் கை போனது, ஆனால் பயமாக இருந்தது. மறுபடி நீ எழுந்திருக்காமல் போய்விட்டால்? அதனால்தான் முதலில் இந்தக் காகிதத்தை அனுப்புகிறேன். உள்ளே நீ முணுமுணுக்கிறாய். நீதானா, இல்லை நான் மேஜைக்கடியில் வைத்து எடுத்ததா? இத்தனை வருஷம் இதே வேலை செய்தும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டேன். மேலே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. ஏதோ வாக்கியம் சரியாக வந்துவிட்டது போலிருக்கிறது.

இப்போது எழுந்து நிற்கிறேன். இரண்டு தடவை அடிக்கப்போகிறேன்.

வாலு